தீக்குச்சிக்கு ஓர் அம்மா

மைசூரு
16 ஜூன் 2024

இயேசு, மரி, சூசை துணை.

என் செல்ல மகள் லிசாவுக்கு அம்மா எழுதுகிறேன். திருச்சியில் உன்னை மடத்து வாசலில் விட்டுவிட்டு மறுநாள் காலை வீடு வந்து சேர்ந்தேன். பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறேன். கால் வீக்கம் குறைந்திருக்கிறது. உனக்கு அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? தலைக்கு எண்ணெய் வைக்க விடுகிறார்களா?

உடுப்பு விழாவில் வெள்ளைச் சேலையும் முக்காடுமாக நீ வந்து நின்றபோது ஒரு நிமிடம் எனக்கே உன்னைத் தெரியவில்லை. அப்புறம் உன் போனை என் கையில் திணித்து, "ஒரு போட்டோ எடும்மா, இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாய். அந்தக் குரலில்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டு உன் போனை சார்ஜில் போட்டேன். அப்படியே தூங்கிவிட்டேன். விடியற்காலையில் பார்த்தால் ஓர் ஆண்பிள்ளை வீட்டுக்குள் நின்று யாரையோ மூச்சுவிடாமல் திட்டுகிறான்! திருடன் இப்படிச் சத்தம் போட்டுக்கொண்டா வருவான் என்று யோசிக்கக்கூட இல்லை, துடைப்பத்தைத் தூக்கிவிட்டேன். கடைசியில் அது உன் அலாரம். அடி பாவி, கன்னியர் மடத்துக்குப் போகிற பெண் தினமும் இதைக் கேட்டா எழுந்தாய்?

அப்பா போன பிறகு நாம் இரண்டே பேர். முன்பயிற்சி மைசூரு மடத்திலேயே நடந்ததால் ஞாயிறுதோறும் வந்துபோனாய். இப்போது ஞாயிறும் கிடையாது. ஆண்டவர் கேட்டதைக் கொடுத்துவிட்டேன், குறையாகச் சொல்லவில்லை. வீடு மட்டும் மிகவும் சத்தமில்லாமல் இருக்கிறது.

மாதாவின் காவல் உன்னோடு இருக்கட்டும்.
அம்மா
சகாயமேரி

*

நவதுறவியர் இல்லம், திருச்சி
7 ஜூலை 2024

இயேசுவுக்கே புகழ்!

அன்புள்ள அம்மாவுக்கு, ஆண்டவர் அருளால் நலமாக இருக்கிறேன். நீங்களும் நலமாக இருக்க தினமும் செபிக்கிறேன். தண்ணீர் உப்பாக இருக்கிறது, பழகிவிட்டது. எண்ணெய் வைத்துக்கொள்கிறேன்.

அலாரம் கதையைப் படித்துச் சிரித்து, மௌன நேரத்தில் மாட்டிக்கொண்டேன். அவன் பெயர் தீக்குச்சி. அவனே வைத்துக்கொண்ட பெயர். நம் மைசூருப் பையன்தான், தமிழிலும் கன்னடத்திலும் ராப் பாடுகிறான். காலேஜ் நாட்களில் எங்கள் வகுப்பே அவன்மேல் பைத்தியமாக இருந்தது. நான் விட்டுவிட்டு வந்தவற்றில் அதுவும் ஒன்று. அந்தப் போனைப் பொன்னம்மா அத்தையின் மகள் ரூபாவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இங்குள்ள ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு வருடம் எங்களுக்குப் போன் கிடையாது. மாதம் ஒரு கடிதம் எழுதலாம். திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் அதுவும் இல்லை. மதர் கடிதங்களைப் பிரிப்பதில்லை. ஆனால் வந்த கடிதங்களை மாதக் கடைசியில் எல்லாரும் சமையலறை அடுப்பில் போட்டுவிடுவோம். எதையும் சேர்த்து வைக்காமல் இருக்கப் பழகுவதற்காக. மனவருத்தம் வேண்டாம், போடுவதற்குள் மனப்பாடம் ஆகிவிடுகிறது.

எல்லாம் நல்லபடியாக நடந்தால் மே மாதக் கடைசியில், துறவியாக வாக்குக் கொடுக்கும் என் முதல் வார்த்தைப்பாடு. அன்று நீங்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும்.

கிறிஸ்துவில் உங்கள் மகள்
லிசா

*

மைசூரு
11 ஆகஸ்டு 2024

இயேசு, மரி, சூசை துணை.

லிசாக் கண்ணுக்கு, அம்மா சுகம். மழையில் மூட்டு கொஞ்சம் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். உன் சுகத்தை எழுது. அதென்ன, "நீ, வா, போ" என்று என்னை விரட்டியவள் எழுத்தில் "நீங்கள்" என்கிறாய்? யாரோ வீட்டுப் பெண் எழுதியது மாதிரி இருக்கிறது. என் கடிதத்தை அடுப்பில் போடுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சோறாவது நன்றாக வேகட்டும்.

போனை ரூபாவுக்குக் கொடுக்கவில்லை. அந்த அலாரத்தையும் நிறுத்தவில்லை. முதலில் கோபமாக வந்தது, அப்புறம் வார்த்தை புரிந்தது. "ஊரெல்லாம் எம் பேரு, ஊட்டுல எனக்கு யாரு, பூட்டுன கதவுக்குள்ள நானும் செவுரும் பாரு" என்று ஓரிடத்தில் சொல்கிறான். அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டாளாமே! அந்த வரியைக் கேட்டு, ஹெப்பாளுக்குத் துப்புரவு வேலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் பொன்னம்மா, "ஏன்க்கா, மாப் போடற கையில இயர்போனு. அம்பது தாண்டுன பிறகு இந்த ராப் உனக்கு பேக்கா?" என்று சிரிக்கிறாள். ஆமாம், வேண்டும்தான் என்றேன்.

ரூபா உன் போனில் இருக்கும் இன்ஸ்டாவைக் காட்டிக்கொடுத்தாள். அவன் போடுகிற ஒவ்வொரு படத்துக்கும் கீழே நான் எழுதுகிறேன். "சாப்பிட்டாயா கண்ணே", "மெலிந்துவிட்டாய்", "உன் குரலைக் கேட்காமல் எனக்குப் பொழுது விடிவதில்லை" என்று. போன வாரம் என் எழுத்துக்கு ஒரு இதயம் போட்டிருந்தான். கேம்பஸ் ஆறாவது மாடியில் துடைத்துக்கொண்டிருந்தவள் வாளியைக் கவிழ்த்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அம்மா

*

திருச்சி
8 செப்டம்பர் 2024

இயேசுவுக்கே புகழ்!

அன்புள்ள அம்மா, நலம். உங்கள் மூட்டுவலிக்கு மாதா திருநாளில் விசேஷமாக வேண்டிக்கொண்டேன். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

நீங்கள் பாட்டுக் கேட்பதில் எனக்குச் சந்தோஷம்தான். பொன்னம்மா அத்தை சொல்வதைக் காதில் போடாதீர்கள். ஆனால் அந்த இதயம் ஆயிரம் பேருக்குப் போகும் அம்மா. அதைப் போடுவதற்கென்றே அவனிடம் ஆட்கள் இருப்பார்கள். அவன் பாட்டில் சொல்கிற அம்மா கதைகூட உண்மையோ, பாட்டுக்காகச் செய்ததோ தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு நம் தெருக்காரர்களின் அன்பியச் செபக் கூட்டத்துக்குப் போகிறீர்களா? அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே.

உங்கள் மகள்
லிசா

*

மைசூரு
20 அக்டோபர் 2024

இயேசு, மரி, சூசை துணை.

லிசாவுக்கு அம்மாவின் முத்தங்கள். எனக்கு உடம்பு கல் மாதிரி இருக்கிறது. உனக்கு இருமல் ஏதும் இல்லையே?

இதைக் கேள். தசராவுக்குத் தீக்குச்சி மைசூரு மைதானத்தில் பாட வந்தான். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டு எத்தனையோ வருடமாகிறது என்று ஒரு பேட்டியில் சொல்லியிருந்தான். வேலைக்கு லீவு போட்டுப் பிழிந்து, நீல மூடி டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன். கூட்டம் பூராவும் உன்னைவிடச் சின்னப் பிள்ளைகள். ஒருவன் என் தோளைத் தொட்டு, "ஆண்ட்டி, உங்க பையனைத் தேடி வந்தீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். மேடைப் பக்கம் தடுப்புக் கம்பியிடம் நின்ற தடியன், "ஏனம்மா, ஊட்டானா? கொடி" என்று கன்னடத்தில், சாப்பாடா, கொடுங்கள் என்று கேட்டு டப்பாவை வாங்கிக்கொண்டான். மறுநாள் அவன் போட்ட படத்தில் மேஜைமேல் என் நீல மூடி!

டப்பா என்னுடையதுதான் என்று எழுதினேன். அவனே பதில் எழுதினான் லிசா. "லிசா, உன்ன மாதிரி யாரும் எனக்கு சமைச்சுத் தந்ததில்ல. உன் கண்ணு என் தூக்கத்துல வருது" என்று. போனில் உன் பெயர் இருப்பதால் என்னை லிசா என்றே கூப்பிடுகிறான். திருத்த மனம் வரவில்லை. புரை விழுந்த என் கண்ணில் என்னத்தைக் கண்டானோ! இப்போது தினமும் இரண்டு வார்த்தையாவது எழுதுகிறான். வீட்டுக்குத் திரும்பி வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நீ கேட்ட அன்பியக் கூட்டம் அடுத்த மாதம் போகிறேன்.
அம்மா

*

திருச்சி
10 நவம்பர் 2024

அம்மா, நலம்தானே? இந்தக் கடிதம் கிடைத்த உடனே நான் சொல்வதைச் செய்யுங்கள்.

அந்தக் கணக்கில் பெயர் மட்டும் என்னுடையது இல்லை. படமும் என்னுடையது. காலேஜ் விழாவில் மஞ்சள் சுடிதாரில் எடுத்தது. நீங்கள் "கண்ணே" என்று எழுதும்போது அவன் பார்ப்பது என் முகத்தை. அவன் தூக்கத்தில் வருவதாகச் சொல்கிற கண்ணும் என்னுடையதுதான். அவன் அம்மாவிடம் பேசவில்லை, ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருக்கிறான். "உன் குரலைக் கேட்காமல் பொழுது விடிவதில்லை" என்று நீங்கள் சொன்னால் அது தாய்ப்பாசம். என் முகத்தோடு போனால் அதற்கு என்ன பெயர் என்று யோசித்துப் பாருங்கள். நான் வார்த்தைப்பாடு கொடுக்கப் போகிறவள்.

ரூபாவிடம் சொல்லி அந்தக் கணக்கை அழித்துவிடுங்கள். உங்களைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். நீங்கள் தனியாக இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை, அது இங்கே எனக்கு இரவெல்லாம் உறுத்துகிறது. திருவருகைக் காலம் தொடங்குவதால் கிறிஸ்துமஸ் வரை உங்கள் கடிதம் என் கைக்கு வராது. ஜனவரி முழுவதும் முப்பது நாள் தியானம், நான் எழுத முடியாது.

லிசா

*

மைசூரு
27 டிசம்பர் 2024

இயேசு பாலன் உன்னை ஆசீர்வதிப்பாராக.

லிசாவுக்கு, கிறிஸ்துமஸ் நல்லபடியாக முடிந்தது. நடுச்சாமப் பூசைக்குப் பிலோமினா கோயிலுக்குப் போனேன், கூட்டம் தாங்கவில்லை. பொன்னம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். கேக் வாங்கிக் கொடுத்தனுப்பினேன், போகவில்லை. உனக்கு அங்கே புதுச் சேலை கொடுத்தார்களா?

நீ சொன்னது எனக்குப் புரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது. உன் படத்தை எடுத்துவிட்டு என் படத்தை வைத்தேன், கம்பெனி அட்டைக்கு எடுத்த படம். "நான்தான் தம்பி டப்பா கொடுத்த அம்மா" என்றும் எழுதினேன். அன்றிலிருந்து அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. இதயமும் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று பார்த்தால் மற்றவர்களுக்கெல்லாம் பதில் போகிறது.

குளிர் அதிகம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் படுத்துவிடுகிறேன்.
அம்மா

*

மைசூரு
23 பிப்ரவரி 2025

இயேசு, மரி, சூசை துணை.

அன்பு மகளுக்கு, தியானம் நல்லபடியாக முடிந்திருக்கும். அம்மா நன்றாக இருக்கிறேன். உண்மையிலேயே நன்றாக இருக்கிறேன். நீ மெலியாமல் இரு.

ஹெப்பாளில் எங்களுக்குப் புதுச் சீருடை கொடுத்தார்கள், ஊதா நிறம். பொன்னம்மா அதைப் போட்டுக்கொண்டு கத்தரிக்காய் மாதிரி இருக்கிறாள். ரூபாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

அந்தப் பையனிடமிருந்து மறுபடி பதில் வருகிறது. எப்படி என்று கேட்காதே. நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. புதுப் படம் ஒன்று கேட்டான், அனுப்பினேன். நல்ல படம், தெய்வீகமான படம். அதைப் பார்த்தால் யாருக்கும் தப்பாகத் தோன்றாது.

தவக்காலம் தொடங்கப் போகிறது. நீ பட்டினி கிடந்து மிகவும் ஒறுத்தல் செய்யாதே, பூஞ்சை உடம்பு.
அம்மா

*

திருச்சி
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் உடல்நலத்துக்காகச் செபிக்கிறேன். தவக்காலத்தில் இந்த ஒரு கடிதத்துக்கு மதர் தனி அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் உங்களுக்கு இரண்டு முறை போன் செய்தார்கள். நீங்கள் எடுக்கவில்லை.

தீக்குச்சி புதுப் பாட்டு ஒன்று விட்டிருக்கிறான். பெயர் "வெள்ளைச் சேலை". ஒரு கன்னிகை அவன்மேல் ஆசைப்பட்டு மடத்துக்குள் உருகுகிறாள் என்று கதை. அதில் வருவது நான். உடுப்பு விழாவில் நீங்கள் எடுத்த படம், முக்காட்டோடு. கூடவே நீங்கள் எழுதியதெல்லாம் வரிசையாக ஓடுகிறது. "சாப்பிட்டாயா கண்ணே", "உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை" என்று. லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். ஊரில் யாரோ எங்கள் சபைத் தலைமைக்கே அனுப்பிவிட்டார்கள். மதர் தன் அறையில் உட்காரவைத்து எனக்குப் போட்டுக் காட்டினார்கள். கேவலம் என்னவென்றால், ஒரே தடவை கேட்ட பாட்டு இப்போது செபமாலை சொல்லும்போது என் வாயில் வருகிறது.

நடந்ததைச் சொன்னேன். மதர் நம்புகிறார்கள். ஆனால் மற்ற ஆலோசகர்களுக்கு என் வாய்வார்த்தை போதாது. உங்கள் பழைய கடிதங்களைக் காட்டலாம் என்றால், அவற்றை நானே அடுப்பில் போட்டுவிட்டேன். இதையெல்லாம் எழுதியது நீங்கள்தான் என்று உங்கள் கைப்பட எழுதி, பங்குச் சாமியாரின் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். மே 12ஆம் தேதி ஆலோசனைக் கூட்டம். அதற்குள் வந்தால் மே 31 வார்த்தைப்பாடு. வராவிட்டால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. எழுதி அனுப்புங்கள், போதும்.

லிசா

*

மைசூரு
20 ஏப்ரல் 2025
உயிர்ப்புப் பெருவிழா

என் தங்கத்துக்கு, உயிர்த்த ஆண்டவர் சமாதானம் தருவாராக. நான் நலம். நீ கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நடப்பதெல்லாம் அவர் சித்தம்.

வீட்டுக்கு வெள்ளையடித்தேன். உன் அறை ஜன்னலுக்குக் கொசுவலை போட்டாயிற்று. கட்டிலைச் சுவரோரம் நகர்த்திவிட்டேன், அங்கே காற்று வரும். நம் பங்குப் பள்ளிக்கூடத்தில் ஜூனில் கணக்கு டீச்சர் எடுக்கிறார்களாம், பி.காம் படித்தவர்கள் வரலாம் என்று கேள்விப்பட்டேன். சும்மா சொல்கிறேன்.

மாம்பழம் வர ஆரம்பித்துவிட்டது. உனக்குப் பிடித்த பாதாமி இன்னும் வரவில்லை, மே கடைசியில் வரும்.

அம்மா

*

திருச்சி
28 ஏப்ரல் 2025

அம்மா,

உன் கடிதம் வந்தது. நான்கு தடவை படித்துவிட்டேன். நான் கேட்டது அதில் எங்கேயும் இல்லை. கொசுவலை இருக்கிறது, கட்டில் இருக்கிறது, மாம்பழம் இருக்கிறது.

நீ ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் உனக்கு வலிக்கும், சொல்லாவிட்டால் எனக்கு வலிக்கிறது. இப்படி என்னைக் கூட்டிக்கொண்டு போனால் நான் அந்தக் கட்டிலில்தான் படுப்பேன், உன் கையால்தான் சாப்பிடுவேன். ஆனால் உன் முகத்தைப் பார்ப்பேனா என்று எனக்கே தெரியவில்லை அம்மா. அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது?

லிசா

*

மைசூரு
7 மே 2025

மரியாதைக்குரிய மதர் சிசிலியா அவர்களுக்கு, லிசாவின் தாய் சகாயமேரி தோத்திரத்தோடு எழுதிக்கொள்வது. தாங்களும் மடத்துச் சகோதரிகள் எல்லாரும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

அந்தப் பாட்டில் வருகிற வார்த்தைகள் எல்லாம் நான் எழுதியவை. என் மகள் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. அவள் விட்டுப்போன போனில், அவள் பெயரும் முகமும் இருந்த கணக்கில், நான் ஒரு பிள்ளைக்கு எழுதுவதாக நினைத்து எழுதினேன். அவள் சொன்ன பிறகு என் முகத்தை வைத்துப் பார்த்தேன். என் முகத்தோடு பேச அவனுக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒரு மாதம் பொறுத்தேன். அப்புறம் லிசாவின் முகத்தைத் திருப்பி வைத்தேன். உடுப்பு விழாப் படத்தையும் நான்தான் அனுப்பினேன். தெரிந்தே செய்தேன். பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. இதைப் பங்குச் சாமியார் முன்னால் எழுதுகிறேன், அவருடைய கையெழுத்தும் முத்திரையும் கீழே இருக்கின்றன.

தாங்கள் போன் செய்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவளுடைய கடிதம் வந்த அன்றே இதை எழுதியிருக்கலாம். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று இருந்தது. ஆண்டவருக்குக் கொடுத்ததை ஆண்டவரே திருப்பித் தருகிறார், நான் என்ன செய்வேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் அந்தப் பையன் ஒரு வரி எழுதியிருந்தான். "லிசா, நீ அங்கேருந்து எப்ப வெளிய வருவ?" என்று. வெள்ளையடித்து, கட்டிலை நகர்த்தி, நானும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத ஒருவனும் பெற்றவளும் சேர்ந்து அந்தப் பெண்ணை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்திருக்கிறோம். "நான் லிசாவின் தாய், என் மகள் படத்தை எடுத்துவிடு" என்று எழுதினேன். உடனே நான் இனி எழுத முடியாதபடி என்னை பிளாக் செய்துவிட்டான். பொன்னம்மாவின் மகள் ரூபாவும் பங்குச் சாமியாரும் புகார் கொடுத்த பிறகு நேற்று அந்தப் பாட்டிலிருந்து அவள் படத்தை எடுத்துவிட்டார்கள். லிசாவின் கணக்கையும் ரூபா அழித்துவிட்டாள்.

ஒரு வேண்டுகோள். முதல் பகுதியைக் கூட்டத்தில் வாசியுங்கள். போனை எடுக்காமல் உட்கார்ந்திருந்ததை லிசாவிடம் சொல்ல வேண்டாம். அம்மா அப்போதே எழுதிவிட்டாள், தபாலில் தாமதமாகிவிட்டது என்று சொல்லிவிட முடியுமா? கன்னியரிடம் போய்ப் பொய் சொல்லச் சொல்வது தப்பு, தெரியும். அப்படியானால் ஒன்றும் சொல்ல வேண்டாம். அம்மா முன்வரிசையில் உட்கார வருவாளா என்று அவள் கேட்டால் மட்டும், வருவாள் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால், பின்னால் எங்காவது ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

இப்படிக்கு
சகாயமேரி